ஒரு ரூபாய் மண்டபம்

மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வாழும் தமிழ் மக்களுள் பலர் நாள்தோறும் மின்சார ரயிலேறிக் கோட்டைப் பகுதிக்குச் சென்று வருகின்றனர். வங்கிகளும் வணிக நிலையங்களும் நெருங்கிய அப்பகுதியின் நடுவே வட்டமான பூங்கா ஒன்று உண்டு. அதன் எதிரே, உயர்ந்த தூண்களும் முப்பது படிகளும் உடைய பழைய நகர மண்டபம் நிற்கிறது. 1833-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அக்கட்டடத்தில் இன்று ஆசியக் கழகத்தின் நூலகம் அமைந்திருக்கிறது. பூங்காவோ ஹார்னிமன் என்னும் ஆங்கிலேயர் ஒருவரின் பெயரால் வழங்குகிறது. முன்பு அவ்விடத்துக்குக் கவர்னர் எல்பின்ஸ்டன் பிரபுவின் பெயரே இருந்தது. நாடு விடுதலை பெற்றபின் கவர்னரின் பெயர் நீங்கிப் பத்திரிகாசிரியர் ஒருவரின் பெயர் அங்கே ஏறியது.

அங்கிருந்து வடக்கே, கிராண்ட் ரோடு நிலையத்துக்கு அருகில், காங்கிரஸ் மாளிகையின் வளாகத்துள் இன்னொரு மண்டபம் இருக்கிறது. அது அளவிற் சிறியது; தோற்றத்தில் எளியது. 'பி.ஜே. ஹால்' என்று சுருக்கமாக அதனை அழைப்பர். அவ்விரண்டு எழுத்துகளின் விரிவு, 'பீப்பிள்ஸ் ஜின்னா' என்பதாகும். அதாவது 'மக்களின் ஜின்னா மண்டபம்'. பாகிஸ்தானைத் தோற்றுவித்த முகம்மது அலி ஜின்னாவின் பெயர், மும்பைக் காங்கிரஸ் மாளிகையின் வளாகத்தில் நிலைத்திருப்பது எவ்வாறு என்று நேயர்கள் வியக்கக்கூடும்.

படிகள் நிறைந்த அந்த நகர மண்டபத்தையும் இந்த எளிய மண்டபத்தையும் இணைப்பது ஒரே நாளின் வரலாறு. அந்நாள் 1918-ஆம் ஆண்டு டிசம்பர் 11. ஒரு நகரத்து மக்கள் அறத்துணிவு ஒன்றைக் கண்டு, அதனைத் தம் கைக்காசு கொண்டு போற்றிய வரலாறு அது. அதனை இன்று நாம் நினைவுகூர்வதற்குக் காரணம் பழமைப் பெருமை அன்று. பொதுவாழ்வில் யாரைப் போற்றுவது, எதற்காகப் போற்றுவது, போற்றப்பட்டவர் பின்னாளில் வேறு வழி சென்றால் அப்போற்றுதல் என்னாவது என்னும் வினாக்கள் இன்றும் நம்முன் நிற்கின்றன.

வரலாறு சென்னையிலிருந்து தொடங்குகிறது. 1917-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், ஹோம் ரூல் என்னும் தன்னாட்சிக் கிளர்ச்சியை நடத்திய அன்னி பெசன்ட் அம்மையாரைச் சென்னை அரசாங்கம் உதகையில் காவலில் வைத்தது. அப்போது சென்னையில் ஒரு முதியவர் வாளாவிருக்கவில்லை. மதுரையிற் பிறந்தவரும், சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாய் இருந்து தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் பணியாற்றியவருமான சர் எஸ். சுப்பிரமணிய ஐயரே அவர். 1885-இல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸ் மகாசபைக்குச் சென்றவர்களுள் அவரும் ஒருவர். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்சனுக்கு அவர் நேரே ஒரு கடிதம் எழுதி, இந்தியாவின் நிலையை எடுத்துரைத்தார். மறு ஆண்டில் அக்கடிதம் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் கடிந்துரைக்கப்பட்டது. உடனே அம்முதியவர், அரசு தமக்களித்திருந்த பட்டங்களைத் துறந்துவிட்டார். அப்போது அவருக்கு வயது எழுபத்தைந்துக்கு மேல்.

பெசன்ட் அம்மையாரைக் காவலில் வைத்த செய்தி பம்பாயை எட்டியதும், அங்கே புகழ்பெற்ற பாரிஸ்டராய் விளங்கிய ஜின்னா ஹோம் ரூல் லீகில் சேர்ந்தார். அதன் பம்பாய்க் கிளைக்குத் தலைவருமானார். அந்நாளில் அவர் காங்கிரஸ்காரர். இந்து முஸ்லிம் ஒற்றுமைக்குத் தூதர் என்று போற்றப்பெற்றவர். 1916-இல் திலகர்மீது அரசு தொடுத்த வழக்கில் திலகருக்காக வாதாடி வென்றவர். அவரோடு தோள் சேர்ந்து நின்றவர், 'பம்பாய் கிரானிக்கிள்' இதழின் ஆசிரியரான பெஞ்சமின் ஹார்னிமன். ஆங்கிலேயராய்ப் பிறந்தும் ஆங்கில ஆட்சியின் குறைகளை அஞ்சாது எழுதிய பேனா அவருடையது.

அக்காலத்தில் பம்பாயின் கவர்னராய் இருந்தவர் வில்லிங்டன் பிரபு. 1913 முதல் அப்பதவியில் இருந்த அவர் கொடியவர் என்று எவரும் கூறார். ஐரோப்பியரின் கழகங்கள் இந்தியரை வாயிலிலேயே தடுத்த அந்நாளில், இரு சாராரும் கூடும் விளையாட்டுக் கழகம் ஒன்று நகரில் தோன்றக் காரணமாய் இருந்தவர் அவர். எனினும் அரசியலில் உரிமை கேட்போரிடம் அவர் பொறுமை காட்டவில்லை. 1918 ஜூன் 10-ஆம் நாள், போருக்குத் துணை திரட்டுவதற்காக நகர மண்டபத்தில் அவர் ஒரு மாநாடு கூட்டினார். அங்கே ஹோம் ரூல் தலைவர்களின் நேர்மையில் தமக்கு ஐயமுண்டு என்று அவர்கள் முகத்தெதிரே உரைத்தார். திலகர் எழுந்து தன்னாட்சியைப் பற்றிப் பேசத் தொடங்கியதும், அதனை அரசியற் பேச்சென்று தடுத்தார். திலகரும் நண்பர்களும் வெளியேறினர். விருந்துக்கு அழைத்து அவமதித்தது போன்ற அச்செயலைப் பம்பாய் மறக்கவில்லை.

அவ்வாண்டின் இறுதியில் வில்லிங்டன் விடைபெறும் காலம் வந்தது. போர் முடிந்து ஒரு திங்களே ஆகியிருந்தது. தானிய விலை ஏறி, விஷக் காய்ச்சல் வீடுதோறும் புகுந்து உயிர்களைக் கவர்ந்து சென்ற காலம் அது. அந்நிலையில், நகரத்துச் செல்வர் சிலர் கவர்னருக்கு நினைவுச் சின்னம் ஒன்று அமைக்க விரும்பினர். அதற்காகப் பம்பாய்க் குடிமக்களின் பொதுக்கூட்டம் ஒன்றை டிசம்பர் 11-ஆம் நாள் மாலை நகர மண்டபத்தில் கூட்டுமாறு ஷெரீபைக் கொண்டு அறிவிக்கச் செய்தனர்.

வழக்கின் உயிர்நிலை இவ்விடத்திலேயே இருக்கிறது. செல்வர்கள் தம் நண்பரான கவர்னருக்குத் தம் மாளிகையில் விருந்தளித்தால் அதனைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை. தம் பணத்தில் சிலை நாட்டினாலும் குற்றமில்லை. ஆனால் 'பம்பாய்க் குடிமக்கள்' என்ற பெயரால் அவர்கள் பாராட்ட முற்பட்டபோது, அப்பெயருக்கு உரியவர்கள் யாவர் என்னும் வினா எழுந்தது. எங்கள் பெயரைச் சொல்லிப் பாராட்டுவதாயின் எங்கள் சம்மதம் வேண்டாவா என்று ஜின்னாவும் ஹார்னிமனும் அவர்தம் நண்பர்களும் கேட்டனர். பொதுக்கூட்டம் என்று அறிவித்த பின்பு, அதில் 'ஆம்' என்று சொல்வோர்க்குள்ள இடம் 'இல்லை' என்று சொல்வோர்க்கும் உண்டு என்பதே அவர்கள் வாதம்.

கூட்டத்துக்கு முந்திய இரவே தொண்டர்கள் பலர் நகர மண்டபத்தின் படிகளில் வந்து படுத்துக்கொண்டனர். காலையில் கதவு திறந்ததும் உள்ளே சென்று இருக்கைகளில் அமர்ந்தனர். பகல் முழுவதும் இடத்தைவிட்டு எழாமல் மாலைவரை காத்திருந்தனர். மண்டபத்துக்கு வெளியேயும் மக்கள் திரண்டனர். பதினெட்டே வயதான ஜின்னாவின் மனைவியார் ரத்தன்பாய், அவர்களிடையே பேசி ஊக்கமூட்டினார். மாலையில் சர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் தலைமையில் கூட்டம் தொடங்கியது. தொடங்கியதும் 'இல்லை, இல்லை' என்னும் முழக்கம் கூரையை எட்டியது. பேசினவர் பேச்சு எவர் காதிலும் விழவில்லை. சற்று நேரத்துக்கெல்லாம் மண்டபத்தைக் காலி செய்யும்படி போலீசாருக்கு ஆணை பிறந்தது. தள்ளுமுள்ளு நேர்ந்தது, அடிகளும் விழுந்தன. ஜின்னாவும் அவற்றுக்குத் தப்பவில்லை. எப்போதும் மடிப்புக் கலையாத உடையோடு நீதிமன்றத்தில் நிற்கும் அப்பாரிஸ்டர், அன்று தெருவில் நின்று மக்களிடம் பேசினார். இன்று நீங்கள் ஜனநாயகத்துக்கு வெற்றி தேடித் தந்தீர்கள் என்பதே அப்பேச்சின் கருத்து. வெற்றியைத் தமதென்று அவர் கூறவில்லை; மக்களுடையதென்றே கூறினார்.

மக்களோ அதனை அவரோடு பகிர்ந்துகொள்ள விரும்பினர். அந்நாளின் நினைவாக ஒரு மண்டபம் எழுப்புவதென்று முடிவாயிற்று. அதற்கு நிதி திரட்டிய முறைதான் நம் கவனத்துக்கு உரியது. ஆளுக்கு ஒரு ரூபாய் என்று வகுத்தனர். ஆலைத் தொழிலாளி ஒருவருக்கு அது அக்காலத்தில் ஏறக்குறைய ஒரு நாட் கூலி. ஆயினும் ஆயிரக்கணக்கானோர் அந்த ஒரு ரூபாயைக் கொடுத்தனர். பெருஞ்செல்வர் ஒருவரிடம் ஒரே கையெழுத்தில் பெற்றிருக்கக்கூடிய தொகையை ஆயிரம் கைகளிலிருந்து பெற்றதன் பொருள் வெளிப்படை. நகர மண்டபத்தில் செல்வர் சிலர் 'குடிமக்கள்' என்ற பெயரைத் தாமே எடுத்துக்கொண்டனர். இங்கே குடிமக்கள் தம் பெயரை ஒவ்வொரு ரூபாயாக மீட்டுக்கொண்டனர். மண்டபத்தின் பெயரிலும் 'மக்கள்' என்ற சொல்லே முன்னே நின்றது. தலைவரின் பெயர் அடுத்தே வந்தது.

இவ்விடத்தில் ஓர் ஐயத்தை நாம் மறைத்துவைத்தல் ஆகாது. பிறர் பேசும் கூட்டத்தில் புகுந்து, அவர் பேச்சு கேளாதபடி முழங்குவது ஜனநாயகமாகுமா என்று ஒருவர் கேட்டால் விடை யாது? அக்கேள்வி நியாயமானதே. கூச்சலிட்டுக் கூட்டத்தைக் கலைக்கும் வழக்கம் பின்னாளில் நம் நாட்டுப் பொதுவாழ்வைக் கெடுத்த நோய்களுள் ஒன்று என்பதையும் நாம் அறிவோம். ஆகவே 1918-ஆம் ஆண்டின் செயலை எல்லாக் காலத்துக்கும் உரிய முறையென்று கொள்ளுதல் தவறு. மக்களுக்கு அன்று கவர்னரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் இல்லை, நீக்கும் உரிமையும் இல்லை. 1910-ஆம் ஆண்டின் பத்திரிகைச் சட்டம் எழுதுவோரின் கழுத்தருகே தொங்கியது. தம் பெயரால் பொய்ச் சாட்சி சொல்லப்படும்போது 'இல்லை' என்று உரைப்பதொன்றே அவர்களிடம் எஞ்சியிருந்தது. வாக்குச் சீட்டு உடையவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. இந்த வேறுபாட்டை மறந்து அந்நாளைப் பாராட்டுவோமாயின், அதன் ஓசையைப் பாராட்டியவர்கள் ஆவோமேயன்றி அதன் துணிவைப் பாராட்டியவர்கள் ஆகோம்.

அத்துணிவுக்கு விலை உண்டு என்பதும் விரைவிலேயே தெரிந்தது. 1919 மார்ச்சில் ரௌலட் சட்டம் நிறைவேறியபோது, ஜின்னா அதனை எதிர்த்து மத்திய சட்டசபைப் பதவியைத் துறந்தார். அடுத்த ஏப்ரல் திங்களில் ஹார்னிமன் நாடு கடத்தப்பட்டார். 1926-இல்தான் அவர் மீண்டும் இந்தியாவுக்கு வர முடிந்தது. வில்லிங்டன் பிரபுவோ அதே 1919-ஆம் ஆண்டில் நம் சென்னை மாகாணத்துக்குக் கவர்னராய் வந்தார். பின்னர் வைஸ்ராயாகவும் உயர்ந்தார். சென்னைக் கடற்கரைச் சாலையில் உள்ள ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி அவர் மனைவியாரின் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. அதே சாலையில், பல்கலைக்கழகத்தின் செனட் மாளிகை வளாகத்தில், பட்டம் துறந்த சுப்பிரமணிய ஐயரின் சிலையும் நிற்கிறது. அரசு நாட்டும் நினைவும் மக்கள் நெஞ்சில் நிற்கும் நினைவும் சில வேளை ஒரே தெருவில் அயலாராய் வாழ்கின்றன.

இனி, நாம் முன்னே எழுப்பிய கடினமான வினாவுக்கு வருவோம். 1920-இல் நாகபுரி மகாசபைக்குப் பின் ஜின்னா காங்கிரஸை விட்டு விலகினார். ஆண்டுகள் செல்லச் செல்ல அவர் பாதை வேறாயிற்று. ஒற்றுமைக்குத் தூதர் எனப்பெற்றவரே பிரிவினைக்குத் தலைவரானார். 1947-இல் நாடு பிளந்தது. எண்ணற்ற குடும்பங்கள் வீடும் உறவும் இழந்தன. அத்துயரில் அகதிகளாய் வந்தோருக்கு முகாம் அமைந்த இடங்களுள் நம் செம்பூரும் ஒன்று. வீடிழந்து வந்த அம்மக்களுக்கு அந்த மண்டபத்தின் பெயர் எப்படி ஒலித்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவர்கள் மனம் கசந்திருந்தால் அதில் வியப்பில்லை.

அப்படியாயின், அம்மண்டபத்தை எழுப்பிய ஆயிரவர் ஏமாந்தவர்களா? அல்லர் என்பதே நம் கருத்து. அவர்கள் ஒரு மனிதருடைய வாழ்நாள் முழுமைக்கும் சான்று வழங்கவில்லை. அது எந்த மக்களாலும் இயலாத காரியம். மனிதர் நாளை என்ன ஆவர் என்பதை யாரே அறிவார்? ஒரு நாளில், ஓர் இடத்தில், ஆட்சியின் முகத்துக்கு எதிரே நின்று சொல்லப்பட்ட ஒரு சொல்லுக்கே அவர்கள் ரூபாய் கொடுத்தனர். அச்சொல் அன்று உண்மையாயிருந்தது, இன்றும் உண்மையே. சொன்னவர் பின்னாளில் செய்தவற்றை நாம் மறுக்கலாம், கண்டிக்கலாம். ஆனால் அவற்றைக் கொண்டு அந்நாளை அழித்தெழுதுதல் முறையன்று. அழித்தால் நாம் இழப்பது ஜின்னாவின் புகழை மட்டுமன்று. பெயர் தெரியாத அந்த ஆயிரவரின் துணிவையும் சேர்த்தே இழப்போம். அம்மண்டபத்தைக் காங்கிரஸ் மாளிகை இன்றுவரை தன் வளாகத்தில் வைத்திருப்பது, இவ்வுண்மையை ஒருவாறு ஏற்றுக்கொண்டதேயாகும்.

துணிவு ஒருமுறை காட்டப்பட்டு முடிந்துவிடும் பொருளன்று என்பதற்கும் பம்பாயே சான்று பகர்ந்தது. 1974-இல் ஜெயப்பிரகாஷ் நாராயணர் 'ஜனநாயகத்துக்கான குடிமக்கள்' என்னும் சங்கத்தைத் தோற்றுவித்தார். கட்சி சாராது மக்களாட்சியைக் காப்பது அதன் நோக்கம். மறு ஆண்டு ஜூன் 25-ஆம் நாள் இரவு நாட்டில் நெருக்கடி நிலை பிறந்தது, அவர் சிறைப்பட்டார். பேச்சும் எழுத்தும் கட்டுண்டன. அவ்வாண்டு அக்டோபரில் அச்சங்கம் அகமதாபாத்தில் மாநாடு கூட்டியபோது, எழுபத்தைந்து வயதான எம்.சி. சாக்ளா அங்கே சென்று அஞ்சாது பேசினார். அவர் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி. இளமையில் ஜின்னாவின் அறையில் தொழில் பயின்றவர். பின்னர் அவருடைய கொள்கை மாறியபோது அவரை விட்டுப் பிரிந்தவர். ஆசானின் துணிவைக் கொண்டு, ஆசானின் பிழையை விட்ட மாணவர் என்று அவரை நாம் கூறலாம்.

பம்பாய் வழக்கறிஞர்களும் அதே திங்களில், சட்டத்தின் ஆட்சியைப் பற்றி ஆராய மண்டபம் ஒன்றில் தமக்குள் கூட எண்ணினர். போலீஸ் கமிஷனர் இசைவு தர மறுத்தார். வழக்கறிஞர்கள் உயர் நீதிமன்றத்தை நாடினர். அத்தடை செல்லாதென்று தீர்ப்பாயிற்று. நகரத்தின் முன்னாள் மேயரான மினூ மசானி நடத்திய 'ஃப்ரீடம் ஃபர்ஸ்ட்' என்னும் சிறு மாத இதழில், தணிக்கையதிகாரி பல பகுதிகளை அச்சிடலாகாது என்றார். மசானி பணியவில்லை. 1976 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் அவர் பக்கமே நின்றது. அரசின் கருத்துக்கு மாறான கருத்தைச் சொல்வதே குற்றமாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். அவ்விதழைப் படித்தோர் தொகை சிறிது. எனினும் அச்சிறு இதழின் வழக்கு, பெரிய இதழ்கள் பல குனிந்து நின்ற காலத்தில் நிமிர்ந்து நின்றது.

இரு காலங்களையும் அருகருகே வைத்து நோக்கினால் ஒன்று விளங்கும். 1918-இல் ஆட்சிக்கு வேண்டியவர்கள் மக்களின் பெயரை மக்களின்றியே எடுத்தாண்டனர். 1975-இல் மக்களுள் சிலர் நான்கு சுவர்களுக்குள் கூடுவதும் தடுக்கப்பட்டது. முன்னது அயலார் ஆட்சி. பின்னது நாமே அமைத்த ஆட்சி. 'குடிமக்கள்' என்னும் சொல்லைக் காக்கும் கடமை இரண்டிலும் குடிமக்களுக்கே இருந்தது. பின்னதில் அவர்களுக்கு நீதிமன்றம் துணைநின்றது. 1977-இல் வாக்குச் சீட்டும் கைகொடுத்தது. கூச்சலுக்கு அங்கே தேவை இல்லை. நகர மண்டபத்துப் படிகளில் படுத்திருந்தோர் வேண்டியவை இவைதாம்.

மும்பைத் தமிழரிடையே சங்கங்களுக்குக் குறைவில்லை. மாதுங்காவில் 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றிய நாளிலிருந்து பள்ளிகளும் கழகங்களும் சபைகளும் பெருகின. ஆண்டுவிழா தவறாது நடக்கிறது, பொன்னாடை போர்த்துகிறோம், மாலை சூட்டுகிறோம். அவ்வேளைகளில் இந்த ஒரு ரூபாய் மண்டபத்தை நினைத்தல் நலம். நாம் போற்றுவது பதவியையா, செயலையா? அப்பாராட்டு சிலர் பலரின் பெயரால் செய்வதா, பலரும் மனமொப்பித் தம் பங்கை இட்டுச் செய்வதா? தாராவியில் தோல் பதனிடும் தொழிலாளி ஒருவர் தம் கூலியிலிருந்து ஒரு ரூபாய் எடுத்துக் கொடுக்கத் தக்க செயல் எதுவோ, அதுவே சங்கத்தின் மேடையில் ஏறத் தக்கது.

அடுத்தமுறை கோட்டைப் பகுதிக்குச் செல்லும் நேயர்கள் ஹார்னிமன் பூங்காவின் எதிரே ஒரு நிமிடம் நிற்பார்களாக. அப்படிகளில் ஓர் இரவு படுத்திருந்தவர்களுள் ஒருவர் பெயரையேனும் நாம் அறியோம். அவர்களுக்குச் சிலையும் இல்லை, பட்டமும் இல்லை. கிராண்ட் ரோடுக்கு அருகில் உள்ள அந்த எளிய மண்டபமே அவர்களின் நினைவு.